கணக்கை மாற்றியது யார்

மீமிசல் கடைத்தெருவில் ஐஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒரு மாடி அறைதான் எங்கள் சங்கத்தின் அலுவலகம். கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் சேமிப்புச் சங்கம் அது. சுற்றியுள்ள ஏழு கடற்கரை ஊர்ப் பெண்கள் வாரம் தவறாமல் முடிந்ததைக் கட்டுவார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும்போது அதிலிருந்து கடன் எடுத்துக்கொள்வார்கள். அங்கே கணக்கு எழுதுவது என் வேலை.

அதற்கு முன்பு அறந்தாங்கிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதினேன். எடை போடுகிறவரை, லாரி டிரைவரை, முதலாளியின் மச்சானை என்று எல்லோரையும் சந்தேகப்படுவதற்காகவே அங்கே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று தோன்றும். ஆலையை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சங்கத்தில் சேர்ந்த முதல் வாரமே மேசை டிராயருக்குப் புதுப் பூட்டு வாங்கினேன்.

கணக்கு முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் ஒரே எக்செல் கோப்பில் இருந்தது. ஊருக்கு ஒரு ஷீட். உறுப்பினர் எண், பெயர், சேமிப்பு, கடன். கடல் காற்றில் கீபோர்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் போனால் யூபிஎஸ் இரண்டு நிமிடம் கத்திவிட்டு அடங்கிவிடும். அந்தக் கோப்பின் பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று என்னோடு வேலை பார்த்த பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வாள். நான் அதுவரை என் டப்பாவைத் திறக்காமல் காத்திருப்பேன். அவளுடைய புருஷன் சிங்கப்பூரில் இருந்தான். அவள்தான் உறுப்பினர்களின் பாஸ்புக்குகளைப் பார்த்து மாதாமாதம் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். நான் கூட்டல் சரிபார்ப்பேன். ஐந்து வருடம் அப்படி ஓடியது.

அந்த வருடம் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஓர் உறுப்பினர் கடன் கேட்டு வந்தார். சேமிப்பைப் பொறுத்துத்தான் கடன். கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு எதிரே இருந்த தொகை, பாஸ்புக்கில் இருந்ததில் பாதிகூட இல்லை. மறுநாள் அதே ஊரிலிருந்து இன்னொருவர். அதற்கடுத்த நாள் மூன்றாவது ஆள். மூவருக்கும் குறைந்திருந்தது.

அந்த ஊரின் மொத்தக் கூட்டலைப் பார்த்தேன். பைசா பிசகாமல் சரியாக இருந்தது. வங்கியில் இருந்த பணத்துக்கும் பொருந்தியது. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் காணாமல் போயிருந்தால் கூட்டல் உதைக்கும். கூட்டல் உதைக்காமல் ஆட்களுடைய கணக்கு மட்டும் குறைகிறது என்றால், தெரிந்த கை ஒன்று இவளிடமிருந்து எடுத்து அவளிடம் வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படித்தான் என் மூளை வேலை செய்தது.

யாருக்குக் கூடியிருக்கிறது என்று தேடினேன். போன வருட ஆடிட் பிரிண்ட் பீரோவில் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஒரே ஒரு பெயரைத்தான் பார்த்தேன். என் சக ஊழியரின் மாமியார் அந்த ஊர்க்காரர். அவருடைய சேமிப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக ஏறியிருந்தது. பிரிண்டை மூடி வைத்துவிட்டேன். தேடியது கிடைத்துவிட்டது என்று நினைத்ததால் அதற்குமேல் தேடவில்லை. மீதி முப்பத்தைந்து பெயர்களையும் அன்றைக்கே பார்த்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

சங்கத் தலைவியிடம் சொன்னேன். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். விடியும் முன்பே ஏலத்தில் நின்று மீன் எடுத்து, எட்டு மணி பஸ்ஸில் ஊருக்குள் கொண்டுபோய் விற்கிறவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வெளியே மூச்சு விடாதே என்றார். சங்கத்தில் திருட்டு என்ற பேச்சு கிளம்பினால் ஏழு ஊர்ப் பெண்களும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்பார்கள். மூன்று பேருக்கும் பாஸ்புக்கில் உள்ளபடி திருத்திவிட்டோம். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில், அதாவது காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் இடத்தில் வைத்தோம்.

அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். புருஷன் லீவில் வந்திருந்தான். வீட்டுக்கு மேல்தளம் போடச் சிமெண்ட் இறக்கியிருந்தார்கள். காதில் புதுக் கம்மல். போன் வந்தால் மாடிப்படியில் நின்று பேசினாள். முன்பெல்லாம் என் முன்னாலேயே பேசுவாளா, படியில் போய்ப் பேசுவாளா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. படியில் நிற்பதையே குற்றமாக எடுத்துக்கொண்டேன். அவளும் என்னைப் பார்க்கும் பார்வையில் ஏதோ மாறியிருந்தது. குற்றவாளியின் பார்வை என்று அதற்கும் பெயர் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவள் போன பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். திங்கட்கிழமை அவள் கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டு முறை அடித்துப் பார்த்தாள்.

“பாஸ்வேர்ட மாத்திட்டீங்களாக்கா?”

“ஆமா. ஏத்த வேண்டியத எங்கிட்ட குடு, நானே ஏத்திக்கிறேன்.”

அவள் பாஸ்புக்குகளை என் பக்கம் தள்ளிவைத்தாள். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வீட்டு வேலை நடக்கிறது என்று தலைவியிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுகொண்டாள். அதையும் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு தலைவி, இனிமேல் இந்தக் கோப்பு வேண்டாம், யார் கை வைத்தாலும் தெரிகிற மாதிரி ஒன்றைத் தேடு என்றார். அப்படித்தான் நான் டேட்டாபேஸ் தேடப் புறப்பட்டேன். எனக்கு அது அரிசி ஆலைக்கு வாட்ச்மேன் தேடுவது மாதிரிதான் இருந்தது.

முதலில் வந்தவர் திருச்சியிலிருந்து ஒரு கம்பெனியின் விற்பனையாளர். சலவைச் சட்டை, புது லேப்டாப். திரையில் வட்டப் படங்களும் கலர் கலரான தூண்களும் ஓடின. கணக்கு எல்லாம் நெட்டில் பத்திரமாக இருக்கும், மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்றார். கட்டாவிட்டால் எங்கள் கணக்கை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அதைப் பற்றி மேலே பேசிக்கொள்ளலாம் என்றார். மீமிசலில் நெட் இல்லாத நாள் என்ன செய்வது என்றேன். அதற்கு அவரிடமிருந்து சிரிப்புதான் பதிலாக வந்தது. ஒரு பொய் ரசீது போட்டுக் காட்டச் சொல்லி, பிறகு அதை அழிக்கச் சொன்னேன். அழித்தார். இருந்த தடமே இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, இந்தா உக்காந்திருக்காகளே எங்க கணக்கப்புள்ள. இவுகளே காச எடுத்துட்டுக் கணக்க மாத்துனா, இதுல தெரியுமா?”

விற்பனையாளர் என்னைப் பார்த்துத் தயங்கினார். “அவங்கதான் அட்மின்மா. அவங்க எது வேணாலும் பண்ணலாம்.”

“அப்ப இது யாருக்குக் காவலு?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த ஆள் போன பிறகும் தலைவி சமாதானமாக எதுவும் சொல்லவில்லை. உதாரணத்துக்குச் சொன்னேன் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த வார்த்தை காதிலேயே நின்றது. என்னையும் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது, எங்கள் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் மருமகன் சும்மாவே செய்து தருவதாகச் சொன்ன புரோகிராம். அதில் ஒரு சேமிப்பிலிருந்து கடனுக்குப் பணத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது, என் காலால் யூபிஎஸ் சுவிட்சை அணைத்தேன். தெரியாமல் பட்டது போலத்தான் செய்தேன். திரும்ப ஆன் செய்தபோது சேமிப்பில் பணம் குறைந்திருந்தது. கடனில் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கேயோ காற்றில் நின்றுவிட்டது. மருமகன், கரண்ட் போனால் நான் என்ன செய்ய முடியும் என்றார். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் எது?

மூன்றாவதாகத்தான் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் அந்த அம்மாள் வந்தார். என் அண்ணன் மகளுக்கு வகுப்பு எடுத்தவர். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துத் தனியாக வந்தார். யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற ஒரு டேட்டாபேஸின் மேல் எங்களுக்கு வேண்டிய கட்டங்களைப் போட்டுத் தருவதாகச் சொன்னார். நாலு சனிக்கிழமை ஆகும், தனக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போதும் என்றார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது. ஆதாயம் இல்லாமல் ஒருவர் நாலு சனிக்கிழமை மெனக்கெடுவாரா? மூன்றாவது சனிக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன். தன் மாணவர்களுக்குப் பாடம் எழுதுவதாகவும், நிஜமாக ஓடுகிற ஒரு சின்னச் சங்கத்தின் கணக்கு அதற்கு மாதிரியாக வேண்டும் என்றும் சொன்னார். பெயர்களை எடுத்துவிடுவேன் என்றார். ஆதாயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

அவர் போட்ட ஏற்பாட்டில் யாராலும் எதையும் அழிக்க முடியாது. தப்பாக ஒரு ரசீது போட்டுவிட்டால் அதற்கு எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர்செய்யலாம். இரண்டும் வரிசையில் நிற்கும். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போட்டது என்பதும் கூடவே நிற்கும். எனக்கு ஒரு பாஸ்வேர்டு. தலைவிக்கு, பார்க்க மட்டும், ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலான பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, நாலு கமிட்டி உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைக்கச் சொன்னார். இங்கேயும் சேமிப்பிலிருந்து கடனுக்குப் பணம் மாறும் நேரத்தில் என் காலைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனேன். திரும்ப ஆன் செய்தபோது பணம் சேமிப்பிலேயே இருந்தது, கடனிலும் ஏறவில்லை. போட்டது காணோமே என்றேன்.

“பாதி எழுதுனது நிக்கக் கூடாதுங்க,” என்றார். “ரெண்டும் நடக்கணும், இல்லன்னா ரெண்டும் நடக்கக் கூடாது. நீங்க கால நீட்டுனப்பவே பாத்தேன்.”

பேக்கப் எடுத்த பென்டிரைவைக் காட்டியபோது அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திரும்ப எழுப்பிப் பார்த்தால்தான் அது பேக்கப். அதுவரை அது வெறும் பென்டிரைவ் என்றார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் கம்ப்யூட்டர் கேட்டு வாங்கி, என் கையாலேயே எழுப்பிக் கூட்டலைப் பார்த்தோம். சரியாக வந்தது. பிறகு அங்கிருந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வந்தோம்; துடைத்தாரா என்று நானும் ஒரு தடவை பார்த்தேன்.

தலைவி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தக் கணக்கப்பிள்ளையே மாற்றினால் தெரியுமா?

“மாத்துனா தெரியும்மா. ஆனா மொதல்லயே தப்பா எழுதிட்டா, எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதுக்கு நீங்க பாஸ்புக்கத்தான் பாக்கணும்.”

தன் ஏற்பாட்டால் ஆகாதது எது என்பதை முதலில் சொன்னவர் அவர் ஒருவர்தான். இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவி அங்கேயே சொல்லிவிட்டார்.

அதனால்தான் அடுத்தது நடந்தது. பாஸ்புக்கோடு ஒத்துப்போகாத எந்தத் தொகையையும் புது டேட்டாபேஸில் தொடக்க இருப்பாக ஏற்றக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். ஊர் ஊராகப் பாஸ்புக்குகளை வாங்கினோம். ஆறு ஊர்கள் ஒரு குறையுமில்லாமல் ஏறின. ஏழாவது, அந்த ஊர். முதல் பாஸ்புக் சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. பத்தைத் தாண்டியும் சேரவில்லை. நாங்கள் கையால் திருத்திய மூவரைத் தவிர ஏறக்குறைய எல்லாமே தப்பு. பாதிப் பேருக்குக் கூடியிருந்தது. பாதிப் பேருக்குக் குறைந்திருந்தது. ஒருத்தி மாமியாருக்காகத் திருடினால் முப்பது பேருடைய கணக்கை ஏன் கலைப்பாள்?

பீரோவிலிருந்து பழைய ஆடிட் பிரிண்டை எடுத்தேன். அதில் பெயர்கள், சங்கத்தில் சேர்ந்த வரிசையில் இருந்தன. கம்ப்யூட்டரில் அகர வரிசையில் இருந்தன. தொகைகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன். மாதாமாதம் ஏறிய சின்னத் தொகைகளையும் நாங்கள் திருத்திய மூன்றையும் தள்ளிவிட்டால் இரண்டிலும் தொகைகள் ஒரே வரிசையில்தான் இருந்தன. பெயர்கள் இடம் மாறியிருந்தன. தொகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. ஆடிட்டர் பெயர்களை அகர வரிசையில் கேட்டிருந்தார். அவள் ஆறு ஊர்களை அடுக்கிக்கொடுத்தாள். ஏழாவதை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை அனுப்பிவிட்டு நான் அடுக்கினேன். எண்ணையும் பெயரையும் மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்ததும், எதையோ அமுக்கி அதை மூடியதும்கூட ஞாபகம் இருக்கிறது.

கல்லூரி அம்மாள் அப்போது கீழே டீ குடிக்கப் போயிருந்தார். அறையில் நான் மட்டும்தான். அந்தக் கோப்புக்கு யார் எதைச் செய்தார்கள் என்று சொல்லத் தெரியாது. பாஸ்புக்கில் உள்ளபடி ஏற்றிவிட்டு, பழைய கோப்பு கெட்டுப்போயிருந்தது என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அவர் படியேறி வரும் சத்தம் கேட்கும் வரை நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அன்று சாயங்காலம் தலைவியின் வீட்டுக்குப் போனேன். அவர் காலிக் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கையை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நா மொதல்ல ஒன்னயத்தான் சந்தேகப்பட்டேன். அந்தப் புள்ளய இல்ல.”

“அப்ப ஏன் ஒன்னும் சொல்லல?”

“சொன்னா நீயும் நின்டுருவ. கணக்கு எழுத யாரு இருக்கா?”

அவ்வளவுதான். அந்தப் புள்ளையிடம் போய்ச் சொல்லு என்றார். தான் கூட வரமாட்டேன் என்றும் சொன்னார்.

அவள் மணமேல்குடியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் குறையும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிநேரம் ஆனது. என்னை முன்பே பார்த்துவிட்டாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் வெளியே வந்து எதிரே நின்றாள். உட்காரவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்கியது, பார்க்காமல் விட்டது, மாமியார் கணக்கைப் பார்த்தது, பாஸ்வேர்டை மாற்றியது.

கேட்டு முடித்ததும் அவள் சொன்னாள்.

“மாமியா கணக்குல ஏறுனத நா அந்த மாசமே பாத்துட்டேங்க்கா. நீங்கதான் ஏத்தி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். என்னய மாட்டி விட.”

அதனால்தான் படியில் நின்று போன் பேசியிருக்கிறாள். மாமியாரிடம் பாஸ்புக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள், பணமும் எடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைக் கவனித்த அந்த வாரங்களில் அவளும் என்னைக் கவனித்திருக்கிறாள். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒரே ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டு.

“என்னயக் கேட்டிருக்கலாம்ல?” என்றேன்.

“நீங்க கேட்டீங்களா?”

திரும்ப வேலைக்கு வா என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள், கோபமாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். அந்த ஊரில் அவளைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. தலைவி வெளியே விடாவிட்டாலும், நான் வாய் திறக்காவிட்டாலும், அவள் நின்ற நேரத்தை வைத்தே பெண்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாமியார் ஏலத்துக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். அங்கே கூட்டத்தில் என் வாயால் சொல்ல வேண்டும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் சொன்னேன். பிரிண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பெயர்களை நான்தான் மாற்றி அடுக்கினேன், அந்தப் பெண்ணுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், அப்படியானால் இதைக் கண்டுபிடித்த கம்ப்யூட்டரை எப்படி நம்புவது, அதிலும் நீதானே எழுதுகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாஸ்புக்கை விட்டுவிடாதீர்கள், மாதம் ஒருமுறை கொண்டுவந்து ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று பதில் சொன்னேன். பின்னால் சுவரோரம் அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடியும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டே வெளியே போனார்.

அந்த டேட்டாபேஸ் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் இடத்தில் வேறொரு பெண் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தனிப் பாஸ்வேர்டு. தலைவி மாதம் ஒரு நாள் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாற்றங்களின் பட்டியலை விரலால் தொட்டு ஒவ்வொரு வரியாக என்னைப் படிக்கச் சொல்வார். பெரும்பாலான எதிர்ப்பதிவுகள் என்னுடையவைதான். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பார். நான் சொல்வேன். சிலவற்றுக்குத் தலையாட்டுவார், சிலவற்றுக்குப் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்வார்.